நாங்க சின்னவங்கங்க!

சென்ற மாதம் சிறு தொழில் முதலாளிகள் கூடிய ஒரு கூட்டத்துக்கு என்னைப் பேச அழைத்திருந்தார்கள். கதை எழுதுகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். "நம்ம ஊர்ப் பட்டறைகளைப் பத்தி நாவல் எழுதினவர் நீங்கதானுங்களே? வந்து ரெண்டு வார்த்தை பேசினாப் போதுமுங்க" என்றார்கள். புகழ்ச்சிக்கு மயங்காத எழுத்தாளன் இன்னும் பிறக்கவில்லை. போனேன்.

'தலைமையும் சுழற்சிப் பொருளாதாரமும்' என்று மேடையில் பெரிய எழுத்தில் துணி கட்டியிருந்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர் ஓர் இளைஞர். திரையில் பச்சை நிறத்தில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். வட்டத்தில் அம்புக்குறிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. பூமியிலிருந்து எடுக்கிறோம், பண்டம் செய்கிறோம், உபயோகித்துவிட்டு எறிகிறோம். இந்த நேர்கோட்டை வளைத்து வட்டமாக்க வேண்டும். ஒருவனுடைய கழிவு இன்னொருவனுக்கு மூலப்பொருளாக வேண்டும். அதற்குத் தலைமை வேண்டும் என்றார். தவறாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைதட்டினார்கள், மரியாதைக்கு.

பிறகு கேள்வி நேரம். இரண்டாவது வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். வெள்ளை வேஷ்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. உழைத்து முன்னுக்கு வந்தவர் என்பது கைகளைப் பார்த்தாலே தெரிந்தது. "தம்பி சொல்றதெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா இதெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்க பண்ற காரியம். நாங்க சின்னவங்கங்க. பொழைக்கறதே பெரும்பாடா இருக்குது" என்றார்.

மண்டபம் அதிர்ந்தது. அப்படி ஒரு கைதட்டல் அந்த இளைஞருக்கும் கிடைக்கவில்லை, பின்னால் எனக்கும் கிடைக்கவில்லை.

என் முறை வந்தபோது அதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு வேடிக்கைக் கதைகள் சொன்னேன். சிரித்தார்கள். சால்வை போர்த்தினார்கள். அதை மடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த வாக்கியத்தை நான் முதல் தடவையாகக் கேட்கவில்லை என்பதுதான் காரணம்.

2002-ஆம் ஆண்டு. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். முதலாளி கெட்டவர் அல்லர். தொழிலாளி வீட்டில் சாவு விழுந்தால் முதல் மாலை அவருடையதாக இருக்கும். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் கேட்காமலே முன்பணம் கொடுப்பார். நாற்பது பேர் அந்தப் பட்டறையை நம்பி அடுப்பு மூட்டினார்கள், நானும் ஒருவன்.

அங்கே லாரியில் உப்பு வந்து இறங்கும். மூட்டை மூட்டையாக இறங்கும். மூட்டைகளை எண்ணிப் பேரேட்டில் ஏற்றுவது என் வேலை. ஒரு நாள் மத்தியானம் எனக்கு ஓர் அசட்டுச் சந்தேகம் வந்தது. இவ்வளவு உப்பு எங்கே போகிறது? வெளியே போகிற துணியில் உப்பு இல்லை. சாய மாஸ்டரைக் கேட்டேன்.

"உப்பு இல்லாம சாயம் துணியில ஏறாது தம்பி. ஏத்தி விட்டுட்டு அது தண்ணியோட போயிரும்."

"தண்ணி எங்கண்ணா போகும்?"

அவர் சிரித்தார். பின்புறச் சுவரைக் கையால் காட்டினார். சுவருக்கு அப்பால் ஓடை. ஓடைக்கு அப்பால் நொய்யல்.

சுத்திகரிப்பு என்ற பெயரில் தொட்டிகள் இருந்தன. அவை நிறத்தை ஓரளவு எடுத்தன; உப்பை எடுக்கவில்லை. சில இரவுகளில் தண்ணீர் அந்தத் தொட்டிகளுக்கும் போகவில்லை. முதலாளியிடம் பயந்து பயந்து கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோலச் சொன்னார்: "நாம சின்னவங்க தம்பி. பெரிய பெரிய பட்டறைக்காரனெல்லாம் விடறான். நம்ம ஒரு ஓடைத் தண்ணியிலயா ஆறு கெட்டுப் போயிரும்?"

எனக்குச் சமாதானம் ஆகிவிட்டது. இதை வெட்கத்தோடு எழுதுகிறேன். பதினான்கு மாதம் அங்கே சம்பளம் வாங்கினேன். உப்புக்கு என் பேரேட்டில் ஒரு பத்தி இருந்தது. சாயத்துக்கு, விறகுக்கு, கூலிக்கு, கோவில் நன்கொடைக்குக்கூடப் பத்தி இருந்தது. ஆற்றுக்குப் பத்தி இல்லை. நானும் போடவில்லை.

ஆகவே அந்த வெள்ளை வேஷ்டிப் பெரியவரோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் சொன்ன வாக்கியத்தோடுதான் சண்டை. சின்னவர் என்கிறீர்களே, யாரைவிடச் சின்னவர்?

ஏற்றுமதிக்காரரைவிடச் சின்னவர்; ஒப்புக்கொள்கிறேன். கடல் கடந்து உட்கார்ந்துகொண்டு பனியனுக்கு விலை நிர்ணயிக்கிறவரைவிட மிகச் சின்னவர், அதையும் ஒப்புக்கொள்கிறேன். அண்ணாந்து பார்க்கும்போது நாம் எல்லோருமே சின்னவர்கள்தாம். கொஞ்சம் குனிந்து ஆற்றின் கீழ்ப்பக்கம் பாருங்கள்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. கோயம்புத்தூரைத் தொட்டு, திருப்பூரைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையம் என்ற இடத்தில் ஓர் அணை இருக்கிறது. பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் திறந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் அது சாயத் தண்ணீர்த் தேக்கமாயிற்று. அணை திறந்து தண்ணீர் விடு என்று விவசாயி கேட்பதுதான் உலக வழக்கம். இந்த அணையில் மட்டும், 'திறக்காதே, திறந்தால் எங்கள் நிலம் பாழ்' என்று விவசாயிகளே கெஞ்சினார்கள். கிணறுகள் உப்புக் கரித்தன. தென்னைகள் நின்றபடியே பட்டன. அங்கே மூன்று ஏக்கர் வைத்திருந்தவனுக்கு முன்னால், எங்கள் நாற்பது பேர்ப் பட்டறை மலைபோலப் பெரியது. அவனுக்குத் தன்னைவிடச் சின்னவன் என்று காட்ட யாருமே இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்நாளில் எங்கள் பட்டறைகளுக்குத் தண்ணீரே சுற்றுக் கிராமத்துக் கிணறுகளிலிருந்துதான் லாரியில் வந்துகொண்டிருந்தது. கிராமத்தின் நல்ல தண்ணீரை விலைக்கு வாங்கினோம். உப்புத் தண்ணீரை இலவசமாகத் திருப்பிக் கொடுத்தோம். அதுவும் ஒரு வட்டந்தான்! அந்த இளைஞர் தம் திரையில் இந்த வட்டத்தைக் காட்டவில்லை.

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். சாயக் கழிவு ஒரு சொட்டும் வெளியே வரக்கூடாது என்று 2006 இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிற்று. வெளியே விடுகிற தண்ணீருக்கு லிட்டருக்கு இத்தனை பைசா என்று அபராதமும் விதித்தது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்பதை 2009-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அப்போதும் ஓடை ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொல்லிவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள்!

அந்த எண்ணிக்கையை மறுபடி ஒரு தடவை படியுங்கள். அவற்றில் முக்கால்வாசியும் எங்கள் முதலாளியைப் போலத் தம்மைச் சின்னவர் என்று நம்பியவர்கள் நடத்தியவை. 'என் ஓர் ஓடையிலா ஆறு கெடும்?' என்று எழுநூறு பேர் எழுநூறு இடத்தில் கேட்டார்கள். எழுநூறு ஓடை சேர்ந்தால் அதற்கு வேறு பெயர் கிடையாது. ஆறு என்றுதான் பெயர்.

மூடிய பின் நடந்தவை துயரமானவை. பல ஆயிரம் தொழிலாளர் பெட்டி படுக்கையோடு ஊர் திரும்பினார்கள். அந்தத் துன்பத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். முதலாளியின் தவறுக்கு முதல் பட்டினி கிடந்தவன் தொழிலாளிதான். ஆனால் பிறகு நடந்ததையும் சொல்லியாக வேண்டும். முடியவே முடியாது என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்த காரியம் நடக்கத் தொடங்கியது. தனித்தனியே கட்டினால் தாங்காது என்று பல பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் செப்பனிட்டன. அரசாங்கம் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. கழிவு நீரை நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்தம் செய்து, சவ்வுகளின் வழியே அழுத்தி வடித்து, மீந்த உப்புத் தண்ணீரைக் காய்ச்சி உப்பைப் பிரித்தார்கள். வடித்த தண்ணீர் அதே பட்டறைக்குத் திரும்பி வந்தது. உப்புக் கரைசலும் அடுத்த சாயத் தொட்டிக்குப் போயிற்று. 2002-இல் நான் கேட்ட அசட்டுக் கேள்விக்கு ஒன்பது வருஷம் கழித்துப் பதில் கிடைத்தது: உப்பு எங்கும் போக வேண்டியதில்லை, திரும்பி வரலாம்.

எல்லாம் சுபம் என்று கதையை முடிக்க நான் தயாரில்லை. பிரிக்க முடியாத கலவை உப்பு மூட்டைகளாகத் தேங்கிக் கிடக்கிறது. காய்ச்சுவதற்கு எரிபொருள் வேண்டும். அதன் புகை வேறு. இத்தனை செலவும் செய்து ஒழுங்காக நடத்துகிறவன் கிலோவுக்கு ஒரு விலை சொன்னால், இருட்டில் திறந்து விடுகிறவன் அதைவிடக் குறைத்துச் சொல்லி ஆர்டரைத் தட்டிக்கொண்டு போகிறான். நியாயஸ்தனை நஷ்டப்படுத்தித் திருடன் பிழைக்கிற சந்தையில், பச்சை வட்டம் போட்டு என்ன பிரயோசனம்? அந்த இருட்டுக் குழாயைப் பற்றி மண்டபத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. பக்கத்துப் பட்டறைக்காரன் அங்கே பக்கத்து நாற்காலியில் அல்லவா உட்கார்ந்திருந்தான்!

பெரியவர் சொன்னதில் இன்னொரு பாதியும் இருக்கிறது. இதெல்லாம் பெரிய கம்பெனிக்காரர்களின் காரியமாம். இதைவிடத் தலைகீழான பேச்சை நான் கேட்டதில்லை. கவுந்தப்பாடிப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிற ஆலையை அவர் பார்த்ததில்லையா? கரும்பைப் பிழிந்த சக்கையை வெயிலில் உலர்த்தி, அந்தச் சக்கையை எரித்தே அந்தச் சாற்றைக் காய்ச்சுகிறான். தென்னோலைக் கூரைக்கு அடியில் இரண்டு கொப்பரை வைத்திருப்பவன். செக்குக்காரனிடம் எண்ணெய் மனிதனுக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு, மாட்டுச் சாணம் வயலுக்கு என்று போயிற்று. நெல் அவிக்கிற ஆலையில் உமிதான் விறகு. இவர்களுக்கு யாரும் வட்டம் போட்டுக் காட்டவில்லை.

பழம்பெருமை பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர்களை அப்படிச் செய்ய வைத்தது ஞானம் அல்ல. விறகு வாங்கக் காசில்லாத வறுமை. பழைய தொழிலெல்லாம் புனிதம் என்று சொல்லவும் நான் வரவில்லை. தோல் பதனிடுவது பழைய தொழில்தான். பாலாற்றங்கரையை அது என்ன செய்தது என்பதற்கு 1996-இல் உச்ச நீதிமன்றம் தோல் பதனிடும் பட்டறைகள் மேல் எழுதிய தீர்ப்பே சாட்சி. நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: கழிவைத் திருப்பிக் கொண்டுவருவதற்குப் பெரிய தொழிற்சாலை வேண்டும் என்பது பொய். கழிவுக்கு விலை இருந்தபோது சின்னவன்தான் அதை முதலில் திருப்பினான். கழிவை எறிவதற்குச் செலவில்லாமல் போனபோது அதே சின்னவன்தான் ஆற்றில் விட்டான்.

இன்றைக்கும் திருப்பூரிலேயே இதற்கு நல்ல சாட்சி உண்டு. பனியன் கம்பெனியில் துணி வெட்டும் மேஜைக்கு அடியில் துண்டுகள் விழுகின்றன. கையகலம், விரல் அகலம். 'கட்டிங் வேஸ்ட்' என்று பெயர். கிலோக் கணக்கில் வாங்கிப் போகிறார்கள். ஒரு கொட்டகையில் அவை குன்றுபோலக் கொட்டிக் கிடக்க, சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து நிறம் பிரிக்கிறார்கள். சிவப்பு என்று ஒரே குவியல் கிடையாது. மிளகாய்ச் சிவப்பு வேறு, அரக்குச் சிவப்பு வேறு. பிரித்த துண்டுகளை எந்திரத்தில் பிய்த்துப் பஞ்சாக்குகிறார்கள். அந்தப் பஞ்சு ஓ.இ. மில்லுக்குப் போய் மறுபடி நூலாகிறது. இதில் உள்ள விசேஷத்தைக் கவனியுங்கள்: பஞ்சிலேயே நிறம் இருப்பதால் நூலுக்குச் சாயம் போட வேண்டியதில்லை. சாயம் இல்லையென்றால் உப்பு இல்லை. உப்பு இல்லையென்றால் நொய்யலுக்கு வேலை இல்லை. ஒவ்வொரு தடவை பிய்க்கும்போதும் இழை குட்டையாகிறது. அதனால் வேறு இழை கலந்தாக வேண்டும். முடிவில்லாமல் சுழற்ற முடியாது. ஆனாலும் குப்பைமேட்டுக்குப் போக வேண்டியது போர்வையாக வீட்டுக்கு வருகிறது.

இந்தத் தொழிலில் தலைமை எங்கே இருக்கிறது? வெட்டும் மேஜைக்கு அடியில் இருக்கிறது. ஒரு கம்பெனியில் நான்கு சாக்கு வைத்து, நிறத்துக்கு ஒன்றாகப் பிரித்துப் போடச் சொல்கிறார்கள். பருத்தியோடு லைக்ரா கலந்த துண்டைத் தனியே வைக்கிறார்கள். இன்னொரு கம்பெனியில் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் திணித்து, மேலே டீக் குடித்த காகிதக் குவளையையும் போடுகிறார்கள். முதல் சாக்குக்கு விலை கூட. இரண்டாவது பாதி குப்பைக்குப் போகும். நான்கு சாக்கு வைக்க எவ்வளவு முதல் வேண்டும்? எந்த பாங்கியில் கடன் கேட்க வேண்டும்? அதற்கும் 'நாங்க சின்னவங்கங்க' என்பீர்களா?

அந்தக் கொட்டகைப் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பஞ்சுத் தூசியில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். இருமுகிறார்கள். வட்டத்தின் அச்சாணி அவர்கள்தாம். அவர்கள் மூக்கை மறைக்க ஒரு நல்ல துணி, நிமிர்ந்து உட்கார ஒரு பலகை, தூசியை இழுக்க ஒரு காற்றாடி: இவற்றைப் பற்றி ஒரு சொல் அன்றைய மேடையில் வந்ததா? பொருளைத் திருப்பிக் கொண்டுவந்து, மனிதரைக் கழித்துக் கட்டுகிற சிக்கனத்துக்கு எந்தப் பச்சை வர்ணமும் ஒட்டாது.

முதலாளிகளை மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றினால் நான் அநியாயக்காரன் ஆவேன். சிறியவரிடம் சரக்கு வாங்கினால் 45 நாட்களுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டத்தைக் காட்டிப் பணம் கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்பது பட்டறை நடத்துகிற ஒவ்வொருவருக்கும் தெரியும். சட்டையின் கழுத்துப் பட்டையில் பசுமை இலை அச்சிடச் சொல்கிற பெரிய கம்பெனி, அந்த இலைக்காகக் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்குமா? கொடுக்காது, போன வருஷத்தைவிடக் குறைத்துக்கொள் என்னும். ஆற்றைச் சுத்தமாக வைத்திரு, ஆனால் அதன் செலவை என்னிடம் கேட்காதே என்பது அதன் உபதேசம். அவர்களும் அன்று முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார்கள்.

நாம் மட்டும் யோக்கியமா? மூன்று பனியன் வாங்கினால் ஒன்று இலவசம் என்ற பலகையைப் பார்த்ததும் தெருவைக் குறுக்கே கடக்கிறோம். அந்த இலவசப் பனியனின் விலையை யாரோ கொடுத்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதில்லை. ஒரத்துப்பாளையத்துக்காரன் கொடுத்தான். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் உடம்பில் இருக்கும் பனியனைத் தொட்டுப் பாருங்கள். நானும் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இவ்வளவும் வாஸ்தவம். ஆனாலும் பெரியவரின் வாக்கியத்தை நான் விடுவதாக இல்லை. விலையை நிர்ணயிக்க முடியாதவன், தன் சுவருக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்பதை நிர்ணயிக்கலாம். தனியே முடியாததை நான்கு பேர் சேர்ந்து செய்யலாம். திருப்பூர் செய்து காட்டிவிட்டது. செய்த பிறகு இருட்டில் திறக்கிறவனைப் பார்த்து, 'நீ என் சாதிசனம், என் சங்கத்துக்காரன். ஆனாலும் நீ செய்வது திருட்டு' என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். அதற்குப் பணம் வேண்டாம். கொஞ்சம் பகை வந்து சேரும். அந்தப் பகையை ஏற்கிறவனைத்தான் நான் தலைவன் என்பேன். லாபம் வரும்போது 'இது என் பட்டறை' என்றும், கழிவு வரும்போது 'நாங்க சின்னவங்க' என்றும் சொல்கிறவனுக்கு எத்தனை மேடை போட்டாலும் அந்தப் பெயர் பொருந்தாது.

எங்கள் பழைய முதலாளியின் பட்டறை 2011-இல் மூடியது. மறுபடி திறக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். தளர்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு நீ கேட்டியே தம்பி, உப்பு எங்க போகுதுன்னு... நான் பதில் சொல்லலை இல்ல?" என்றார். இருபது வருஷமாக அந்தக் கேள்வியை அவர் மனத்தில் வைத்திருந்திருக்கிறார். நான் அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் ஒன்று இருந்தது. அவர் பதில் சொல்லாதது ஒரு குற்றம் என்றால், நான் மறுபடி கேட்காதது இன்னொரு குற்றம்.

அதைச் சொல்லாமல் பந்திக்குப் போய்விட்டேன். இங்கே சொல்லிவிட்டேன். இன்று எங்கோ ஒரு பட்டறையில் கணக்கு எழுதும் பையன் ஒருவன் இதைப் படித்தால், அவனுக்கு என் யோசனை ஒன்று உண்டு. நாளைக் காலையில் பேரேட்டில் ஒரு பத்தி கூடுதலாகக் கோடு போடு தம்பி. வந்தது இவ்வளவு என்று எழுதுகிறாய் அல்லவா? அதற்குப் பக்கத்தில், போனது எங்கே என்று எழுது. முதலாளி கேட்டால் காட்டு. கேட்காவிட்டாலும் காட்டு.